அமீரகத்திலிருந்து காரில் முசந்தம்: எல்லையில் திருப்பி அனுப்பப்படாமல் போய்வருவது எப்படி

துபாயிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர்தான். சாலை நன்றாகவே இருக்கிறது. இருந்தும் வாரக்கடைசியில் எல்லைவரை போய், காகிதம் சரியில்லை என்று திரும்பி வரும் குடும்பங்கள் உண்டு. முசந்தம் பயணத்தில் கஷ்டமெல்லாம் வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்னால்தான். அதை முடித்துவிட்டால் மிச்சம் மலையும் கடலும்.

முசந்தம் ஓமானைச் சேர்ந்தது. ஆனால் அந்த நாட்டின் மற்ற நிலத்தோடு ஒட்டாமல், நடுவில் அமீரகம் குறுக்கிட, ஹோர்முஸ் நீரிணைக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு கிடக்கிறது. மஸ்கட்டிலிருந்து காரில் வருகிறவரும் அமீரகத்துக்குள் நுழைந்துதான் இங்கே வரமுடியும். நமக்கு அமீரகத்தின் வடக்கிலுள்ள ராஸ் அல் கைமா வழி.

1. எந்த முசந்தம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

துபாயில் 'முசந்தம் டூர்' என்று விற்கப்படுவது இரண்டு வகை. ஒன்று கிழக்குக் கரையில் திப்பாவிலிருந்து கிளம்பும் படகு. இன்னொன்று வடக்கே கஸப் என்ற ஊரிலிருந்து கிளம்புவது. இரண்டும் முசந்தம்தான், ஆனால் பார்ப்பது வேறு வேறு.

திப்பாப் படகு ஓமான் வளைகுடாப் பக்கத்துத் திறந்த கடலில் ஓடுகிறது. காற்றடித்தால் ஆட்டம் அதிகம். கோர் ஷாம் நீர்வழி, டெலிகிராப் தீவு, கஸப் கோட்டை, ஜெபல் ஹரீம் மலை இவையெல்லாம் கஸப் பக்கம் மட்டுமே. படத்தில் இவற்றைக் காட்டி, திப்பாவில் கொண்டுபோய் ஏற்றிவிடும் விளம்பரங்கள் இருக்கின்றன. பணம் கட்டுமுன் 'படகு எந்தத் துறைமுகத்திலிருந்து கிளம்புகிறது' என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள். இந்தக் கட்டுரை கஸப் வழிக்கானது.

2. யாருக்கு எந்த விசா

அமீரக ரெசிடென்ஸ் உள்ளவர்கள்: ஓமான் காவல்துறையின் இ-விசா தளத்தில், வளைகுடா நாடுகளில் வசிப்பவர்களுக்கான விசா என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். கட்டணம் 5 ரியால், அதாவது 48 திர்ஹம் அளவு. 28 நாள் தங்கலாம். பாஸ்போர்ட்டின் முகப்புப் பக்கம், எமிரேட்ஸ் ஐடியின் இரு பக்கம், வெள்ளைப் பின்னணியில் புகைப்படம் இவற்றைத் தயாராக வைத்திருங்கள். பாஸ்போர்ட்டில் 6 மாதம், ரெசிடென்ஸில் குறைந்தது 3 மாதம் பாக்கி இருக்கவேண்டும். ரெசிடென்ஸ் புதுப்பிக்கும் தறுவாயில் இருந்தால் புதுப்பித்துவிட்டே விண்ணப்பியுங்கள்.

சில மணி நேரத்தில் வந்துவிடும் விசாவும் உண்டு, நாலைந்து நாள் இழுப்பதும் உண்டு. ஒரு வாரம் முன்பே போட்டுவிடுவது நல்லது. கைக்குழந்தை உட்பட ஒவ்வொருவருக்கும் தனித்தனி விண்ணப்பம். தேடுபொறியில் முதலில் வருவதெல்லாம் அரசுத் தளம் அல்ல. அதே 5 ரியால் விசாவுக்குப் பல மடங்கு வாங்கும் தரகர் தளங்கள் அரசு முத்திரை போலவே ஒன்றை ஒட்டிவைத்திருக்கும். முகவரியைப் பார்த்துவிட்டுக் கார்டு எண்ணை இடுங்கள்.

நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல் பெயர்தான். இனிஷியலை விரித்தெழுதிய பெயர், அப்பா பெயரைக் குடும்பப்பெயராகப் போட்ட பெயர், குடும்பப்பெயர்க் கட்டமே காலியாக உள்ள பாஸ்போர்ட் என்று நம்மிடம் பல வகை. எமிரேட்ஸ் ஐடியில் பெயர் வேறு வரிசையில் இருக்கலாம். விண்ணப்பத்தில் பாஸ்போர்ட்டில் இருப்பதை எழுத்துப் பிசகாமல் போடுங்கள். ஐடியைப் பார்த்து நிரப்பிவிட்டு எல்லைக் கவுண்டரில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா: அதிகம் பேர் அடிபடுவது இங்கேதான். விசிட் விசாவில் வந்தவர்களின் அமீரக விசா ஒருமுறை நுழைவதற்கானது என்றால், அவர்கள் ஓமானுக்குள் காலடி வைத்ததும் அது முடிந்துவிடும். மாலையில் திரும்பி வந்தால் அமீரகத்துக்குள் விடமாட்டார்கள். பலமுறை நுழைவதற்கான விசா இருந்தால் மட்டுமே அவர்களைக் கூட்டிப்போங்கள். விசாத் தாளில் 'மல்டிபிள்' என்ற சொல் இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். டிராவல்ஸ்காரர் வாய்மொழியாகச் சொன்னது எல்லையில் செல்லாது.

இது தவிர அவர்களுக்கு ஓமான் சுற்றுலா விசாவும் வேண்டும். வளைகுடா ரெசிடென்ஸ் வகை அவர்களுக்குப் பொருந்தாது. 10 நாள் விசா 5 ரியால், 30 நாள் விசா 20 ரியால். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஷெங்கன் நாடுகள் போன்றவற்றின் செல்லுபடியாகும் விசா கையில் உள்ள இந்தியர்களுக்கு 14 நாள் வரை விசா இல்லாமல் நுழையும் சலுகை உண்டு. அதை நம்பிப் போகிறவர்கள் அந்த விசாவின் அசலைக் கையில் வைத்திருக்கவேண்டும். சிங்கப்பூர், மலேசிய பாஸ்போர்ட்காரர்களுக்கும் 14 நாள் விசா வேண்டாம். விதிகள் அடிக்கடி மாறுகின்றன. விண்ணப்பிக்கும் அன்று தளத்தில் இருப்பதே முடிவு.

விசாவைக் கைப்பேசியில் வைத்திருந்தாலும் ஒரு அச்சுப்பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். எல்லையில் சிக்னல் ஊசலாடும்.

3. காரின் காகிதங்கள்

விசா கிடைத்ததும் பாதி வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் கோட்டை விடுவது காரில். நாலு விஷயம் பார்க்கவேண்டும்.

முல்கியா: காரின் பதிவு அட்டை. செயலியில் இருக்கிறது என்று விட்டுவிடாமல் அட்டையையே எடுத்துப்போங்கள்.

ஓமான் இன்சூரன்ஸ்: அமீரக பாலிசி தானாகவே ஓமானில் செல்லாது. 'ஆரஞ்சு கார்டு' என்று கேட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்கும். முழுக் காப்பீடு எடுத்தவர்களில் பலருக்கு இது இலவசம், ஆனால் கேட்டால்தான் வரும். பாலிசியைத் திறந்து, ஓமானில் உங்கள் காருக்கு ஆகும் சேதத்துக்கும் காப்பு உண்டா, எதிராளிக்கு மட்டுமா என்று படியுங்கள். எல்லையிலேயே இன்சூரன்ஸ் விற்கும் கூண்டு இருக்கிறது. அங்கே வாங்குவது பொதுவாக எதிராளிக்கான காப்புதான். மலைப்பாதையில் உங்கள் பம்பர் பாறையில் உரசினால் அதற்கு உதவாது.

வங்கிக் கடனில் உள்ள கார்: வங்கியின் தடையில்லாக் கடிதம். எல்லா நாளும் கேட்பார்கள் என்றில்லை. கேட்கும் நாளில் கையில் இல்லாவிட்டால் திரும்பவேண்டியதுதான். வங்கி இரண்டு மூன்று வேலைநாள் எடுத்துக்கொள்ளும்.

காரின் பெயர்: முல்கியாவில் இருக்கும் பெயரும் ஓட்டுபவர் பெயரும் ஒன்றாக இருக்கவேண்டும். கம்பெனி கார் என்றால் முத்திரையோடு அரபியில் கடிதம். நண்பர் கார் என்றால் அவர் எழுதிக்கொடுத்த கடிதம் மட்டும் போதாமல் போகலாம், அவரையே கூட்டிப்போவது உத்தமம். வாடகைக் கார் என்றால் ஓமான் அனுமதிக் கடிதத்துக்கும் இன்சூரன்ஸுக்கும் தனிக் கட்டணம். காரை எடுக்கும் அன்று கேட்டால் 'நாளைக்குத்தான்' என்பார்கள். முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள்.

கார் இல்லாதவர்களுக்கு ராஸ் அல் கைமாவிலிருந்து கஸப்புக்கு 2023 அக்டோபரில் தொடங்கிய பேருந்து இருக்கிறது. அல் தைத் நிலையத்திலிருந்து கிளம்பும். 50 திர்ஹம் கட்டணத்தோடு தொடங்கியது, மூன்று மணி நேர ஓட்டம். எல்லா நாளும் ஓடுவதில்லை, நேரத்தை முதல் நாளே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

4. எந்த மாதம், எந்தக் கிழமை

நவம்பர் முதல் மார்ச் வரை. ஏப்ரலில் தாங்கலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை வெயில் 40 பாகையைத் தாண்டும், படகின் மேல் தளத்தில் கால் வைக்க முடியாது.

ஓமானில் வாரவிடுமுறை வெள்ளி, சனி. அமீரகத்தில் 2022 முதல் சனி, ஞாயிறு. இரண்டும் ஒட்டிக்கொள்ளும் சனிக்கிழமை காலை எல்லையில் வரிசை நீளம். ஞாயிறு போய்த் திங்கள் திரும்ப முடிந்தால் படகும் காலி, அறையும் மலிவு. அமீரக தேசிய தினம், பெருநாள் விடுமுறை நாட்களில் போவதைத் தவிருங்கள். அந்த நாட்களில் எல்லையிலேயே மூன்று நான்கு மணி நேரம் போய்விடும்.

மழை முன்னறிவிப்பு இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். இது மொட்டைச் சுண்ணாம்புப் பாறை நாடு. மண் இல்லை, மரம் இல்லை, விழும் தண்ணீரைப் பிடித்துவைக்க ஒன்றும் இல்லை. மலைமேல் பெய்தது அரைமணியில் வாதி எனப்படும் வறண்ட ஆற்றுப்பள்ளத்துக்குள் வெள்ளமாக வந்து நிற்கும். ஹோர்முஸில் பதற்றம் என்று செய்தி அடிபடும் நாட்களில் படகு ஓடுகிறதா, எல்லை திறந்திருக்கிறதா என்று கஸப்பில் உள்ள படகுக்காரரிடமே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

ஒரே நாளில் போய்வரலாம் என்று விற்பார்கள். படகு மட்டும் போதுமென்றால் சரி. மலையும் கோட்டையும் வேண்டுமென்றால் ஓர் இரவு தங்குவதே பணத்துக்கு மதிப்பு. கடலுக்கு ஒரு நாள், மலைக்கு ஒரு நாள்.

5. எல்லையில் நடப்பது

துபாயில் காலை 5 மணிக்குக் கிளம்புங்கள். இ311 சாலையில் ராஸ் அல் கைமா, பிறகு ரம்ஸ், ஷாம் வழியாகக் கடலோரமாகப் போனால் அல் தாரா எல்லைச்சாவடி. ஏழு மணிக்குள் சேர்ந்துவிடலாம்.

அமீரகப் பக்கம் ஆளுக்கு 35 திர்ஹம் அளவில் வெளியேறும் கட்டணம். கார்டில் கட்டத் தயாராக இருங்கள். பாஸ்போர்ட்டின் அசலும் எமிரேட்ஸ் ஐடியின் அசலும் வேண்டும். ஐடி மட்டும் போதுமென்பது வளைகுடாக் குடிமக்களுக்கான வசதி, நமக்கில்லை. அடுத்தது ஓமானின் திபாத் சாவடி. பாஸ்போர்ட்டில் முத்திரை, கார் காகிதம், இன்சூரன்ஸ், சுங்கச் சோதனை. டிக்கியைத் திறக்கச் சொல்வார்கள்.

மது எடுத்துப்போகாதீர்கள். தரைவழியில் அனுமதி இல்லை. டிரோன் வேண்டவே வேண்டாம். ஊரிலிருந்து வந்த இருமல் மருந்து, வலிமாத்திரைகளில் கோடீன், டிரமடால் இருந்தால் மருத்துவர் சீட்டு இல்லாமல் இரு பக்கமும் தொல்லை. சாவடியில் படம் எடுக்காதீர்கள்.

முத்திரை விழுந்த பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு நகருங்கள். ஐந்து பாஸ்போர்ட் கொடுத்து நாலில் மட்டும் முத்திரை வாங்கி வந்தால் திரும்பும்போதுதான் தெரியும்.

6. கடலோரச் சாலையில் 40 கிலோமீட்டர்

இடப்பக்கம் கடல், வலப்பக்கம் செங்குத்துப் பாறை. வளைவுகள் அதிகம், 45 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். ஆடுகள் சாலையில் நிற்கும். வேகக் கேமராவின் அபராதம் எல்லை தாண்டியும் உங்கள் நம்பர் பிளேட்டைத் தேடி வரும்.

புக்காவில் சாலையோரமே ஒரு கோட்டை. அதன் ஒரு மூலைக் கோபுரம் பேரிக்காய் போல அடி பெருத்து மேல் சிறுத்திருக்கும். பீரங்கிக் குண்டு நேராக மோதாமல் வழுக்கிப்போகச் செய்த ஏற்பாடு அது. பத்து நிமிடம் போதும்.

கஸப்புக்குச் சற்று முன்னால் கிதா என்ற ஊரில் உள்ளே திரும்பி, வாதி வழியே இரண்டரைக் கிலோமீட்டருக்குள் போனால் தாவி. அரபியில் தாவி என்றால் கிணறு. கிணற்றுக்கு எதிரே கிடக்கும் பாறைகளில் படகு, ஒட்டகம், குதிரைமேல் ஆள் என்று கீறிய உருவங்கள் இருக்கின்றன. பெரிய பலகையோ வேலியோ எதிர்பார்க்காதீர்கள். உச்சி வெயிலில் போனால் வெறும் பாறைதான் தெரியும். காலையோ மாலையோ, சூரியன் சாய்ந்து கீறலுக்குள் நிழல் விழும் நேரத்தில் படகின் பாய்மரம் வரை பிரிந்து தெரியும். சாக்கட்டியால் கோடு தடவிப் படமெடுக்கும் வழக்கம் சிலருக்கு இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம்.

7. படகு

அரைநாள் படகு மூன்று நான்கு மணி நேரம், ஆளுக்கு 10 முதல் 15 ரியால். முழுநாள் ஆறு மணி நேரம், மதிய உணவோடு 15 முதல் 25 ரியால். காலைப் படகு 9 மணியை ஒட்டிக் கிளம்பும். முன்பதிவு செய்யாமல் துறைமுகத்தில் போய் நின்றால் இடம் கிடைக்கலாம், விடுமுறை நாளில் கிடைக்காது. விலையில் சாப்பாடு, பழம், தேநீர், நீச்சல் கண்ணாடி எல்லாம் சேர்த்தியா என்று கேளுங்கள். திர்ஹம் வாங்கிக்கொள்வார்கள், கணக்கு ஒரு ரியாலுக்கு ஒன்பதரை திர்ஹம். 1 ரியால் என்பது 1000 பைசா, எனவே '500' என்று எழுதியிருப்பது அரை ரியால்.

சைவம் சாப்பிடுபவர்கள் முதல் நாளே சொல்லிவிடுங்கள். படகில் பெரும்பாலும் கோழியோ மீனோ போட்ட சோறு. சொல்லாமல் ஏறினால் சாலடும் ரொட்டியும்தான்.

போகும் இடம் கோர் ஷாம். சுமார் 16 கிலோமீட்டர் நீளத்துக்கு மலைகளுக்கிடையே புகுந்த கடல். 'அரேபியாவின் நார்வே' என்று விளம்பரம் செய்வார்கள், ஆனால் இங்கே பனியாறு எதுவும் குடையவில்லை. ஆறு அறுத்த பள்ளத்தாக்குகள் நிலம் அமிழ அமிழக் கடலுக்குள் போனவை. அதனால் கிடைக்கும் லாபம், நாலு பக்கமும் மலை மறைப்பதால் உள்ளே அலையே இல்லை. வாந்தி பயம் உள்ளவர்களும் குழந்தைகளும் தைரியமாக ஏறலாம். கரையோரம் நதீஃபி, கனஹா, மக்லப் என்று சின்னச் சின்ன ஊர்கள். சாலை கிடையாது, குடிநீர்கூடப் படகில்தான் போகிறது.

டால்பின்களைப் பார்க்க முன்பக்கம் உட்காருங்கள். படகின் முகப்பலையோடு சேர்ந்து நீந்துவது அவற்றுக்கு விளையாட்டு. தினமும் வரும் என்று யாரும் உத்தரவாதம் தரமுடியாது.

டெலிகிராப் தீவில் 1860-களில் ஆங்கிலேயர் கட்டிய தந்தி நிலையத்தின் அடித்தளம் மட்டும்தான் மிச்சம். தண்ணீர் வற்றிய நேரத்தில் படிக்கட்டருகே படகு அணையாது. எல்லாரும் குதிப்பது சுற்றியுள்ள நீரில்தான். பாறையில் கடல் முள்ளெலிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ரப்பர் செருப்பில்லாமல் கால் வைத்தால் முள் ஒடிந்து உள்ளே நின்றுவிடும். மீன் பார்க்க சீபித் தீவுப் பக்கம் இன்னும் நன்றாக இருக்கும். லைஃப் ஜாக்கெட் குழந்தையின் அளவுக்கு இருக்கிறதா என்று கரையிலேயே பாருங்கள்.

கும்சார் கிராமம் கடல்வழியே மட்டும் போகக்கூடியது, நீரிணையின் திறந்த நீரில் போகவேண்டும். அது தனி விரைவுப்படகு, தனிச் செலவு, ஆட்டமும் அதிகம். முதல் பயணத்தில் தேவையில்லை.

துறைமுகத்தில் ஈரானிலிருந்து வரும் சின்ன விரைவுப்படகுகளை நோக்கிக் கேமராவை நீட்டாதீர்கள்.

8. கஸப் கோட்டை

ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வெள்ளிக்கிழமை நேரம் குறைவு, மதியத்துக்கு மேல் நம்பிப் போகாதீர்கள். கட்டணம் சிறிது, சில்லறை ரியால் வைத்திருங்கள். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துகீசியர் கட்டியது. நடுவிலிருக்கும் வட்டக் கோபுரம் அதற்கும் மூத்தது.

கூட்டம் முற்றத்துப் படகுகளோடு நின்றுவிடும். நீங்கள் 'பைத் அல் குஃப்ல்' என்ற பூட்டு வீட்டின் மாதிரியைத் தேடிப்போங்கள். தடித்த கல் சுவர், தரைமட்டத்துக்குக் கீழே இறங்கும் தரை, குனிந்து நுழையும் கதவு. உள்ளே இருக்கும் தானியச் சாடிகள் அந்தக் கதவைவிடப் பெரியவை. சாடிகளை வைத்துவிட்டுத்தான் சுவரை எழுப்பி முடித்தார்கள். கோடையில் மலைவாசிகள் வீட்டைப் பூட்டிவிட்டுக் கடற்கரைக்கு இறங்கிவிடுவார்கள், திருடன் வந்தாலும் சாடியைத் தூக்கிக்கொண்டு போக வழியே இல்லை.

9. ஜெபல் ஹரீம்

உயரம் 2,087 மீட்டர். மண் பாதை, செங்குத்து, ஓரத்தில் தடுப்பு கிடையாது. நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி இல்லாமல் போகாதீர்கள். ஏறிவிடலாம், இறங்கும்போது பிரேக் சூடேறிக் கைவிடும். எல்லா வண்டியிலும் இறக்கத்துக்குத் தாழ்ந்த கியர்தான். வாடகை வண்டியின் இன்சூரன்ஸ் பெரும்பாலும் தார்ச்சாலைக்கு மட்டுமே செல்லும்.

கஸப்பில் டிரைவரோடு ஜீப் கிடைக்கும். சொல்லும் தொகை ஜீப்புக்கா, ஆளுக்கா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். இதில் ஏமாந்தவர்கள் நிறைய.

ஏறும் வழியில் சைஹ் சமவெளி. மொட்டைப் பாறைக்கு நடுவே பச்சை வயலும் பேரீச்சையும் திடீரென்று வரும். இன்னும் மேலே சுண்ணாம்புப் பாறையில் சிப்பிகளின் தொல்படிவங்கள். ஒரு காலத்துக் கடலடி இப்போது தலைக்குமேல் நிற்கிறது. பெயர்த்தெடுக்காதீர்கள். உச்சியில் ராடார் நிலையம் இருப்பதால் கடைசிப் பகுதிக்கு அனுமதி இல்லை, அந்தப் பக்கம் படமும் கூடாது. மேலே கீழைவிட 8, 10 பாகை குளிராக இருக்கும், டிசம்பரில் ஸ்வெட்டர் வேண்டும்.

வரைபடச் செயலி மலையைத் தாண்டி வாதி பிஹ் வழியாக நேரே ராஸ் அல் கைமாவுக்கோ திப்பாவுக்கோ குறுக்குவழி காட்டினால் நம்பாதீர்கள். அந்தச் சாவடி வெளிநாட்டவருக்குத் திறப்பதில்லை. வந்த வழியே கஸப்புக்கு இறங்கவேண்டும்.

ஜீப்புக்கு நேரமோ பணமோ இல்லையென்றால் கஸப்பிலிருந்து 24 கிலோமீட்டரில் கோர் நஜ்த். கார் போய்ச்சேரும் ஒரே உட்கடல் அதுதான். மேலிருந்து பார்க்கும் வளைவோடு நிறுத்திக்கொள்ளலாம், நீர்மட்டம் வரை இறங்கும் சரளைப்பாதை சாதாரணக் காருக்குக் கஷ்டம்.

10. செலவும் திரும்புதலும்

இரண்டு பெரியவர்களுக்கு: விசா 96 திர்ஹம், வெளியேறும் கட்டணம் 70, முழுநாள் படகு ஆளுக்கு 20 ரியால் வீதம் 382. மொத்தம் 548. இதன்மேல் பெட்ரோல், சாப்பாடு, அறை, ஜீப். ஆரஞ்சு கார்டு இலவசமாகக் கிடைக்காவிட்டால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மலைக்குப் போகுமுன் கஸப்பிலேயே டேங்கை நிரப்புங்கள், மேலே பங்க் இல்லை. அமீரக சிம் சில வளைவுகளில் அமீரகக் கோபுரத்தையும் சில இடத்தில் ஓமான் ரோமிங்கையும் பிடிக்கும். டேட்டா ரோமிங்கை அணைத்துவிட்டு வரைபடத்தை முன்பே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் மதியம் 2 மணிக்குள் கஸப்பைவிட்டுக் கிளம்பினால் இருட்டுவதற்குள் எல்லை தாண்டிவிடலாம். 5 மணிக்குமேல் படகிலிருந்து இறங்கிய வேன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேரும். திபாத்தில் வெளியேறும் முத்திரை விழுந்ததா என்று மறுபடி ஒருமுறை பாருங்கள். பின்சீட்டில் தூங்கும் குழந்தையின் முகத்தை அதிகாரி பார்க்கக் கேட்பார், சாவடி நெருங்கும்போதே எழுப்பிவிடுங்கள்.